ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை விக்கியில் எழுத வைக்கலாமா?

கேள்வி:
நான் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்த்து அப்படியே எழுதித் தருகிறார்கள். அவர்களைப் பங்களிப்பாளர்களாக ஆக்க விரும்புகிறேன். ஆனால், எழுதிய கட்டுரை நீக்கப்பட்டால் பிள்ளைகள் மனம் உடைந்துவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
அம்மா, கட்டுரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விக்கிப்பீடியாவின் உடன்திட்டமான இணைய நூலகம் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல உள்ளன. அங்கே இடப்பக்கம் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்துகளை உரையாக்கும் மென்பொருள்) தந்த பிழை மலிந்த உரையும் வலப்பக்கம் அச்சுநூலின் படமும் தெரியும் என்பதால், ஒற்றுப்பிழை, ளகர லகர மயக்கம் ஆகியவற்றை மாணவர்கள் தாமே ஒப்பிட்டுத் திருத்துவார்கள். மெய்ப்புப் பார்த்த, அதாவது பிழை திருத்திய, பக்கத்தின் நிறக்குறி மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே பச்சையாகும். ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்க்கும் இந்த ஒழுங்கை எந்த இலக்கண வகுப்பும் இவ்வளவு இயல்பாகக் கற்பிப்பதில்லை.

மறுமொழி 2:
மேற்கண்டதை வழிமொழிகிறேன். ஒரே இணைய இணைப்பின் முகவரியிலிருந்து (ஐ.பி. முகவரி) ஒரு நாளில் 6 கணக்குகள் மட்டுமே தொடங்க முடியும். ஆகவே வகுப்புக்கு முன்பே விக்கி நிர்வாகிகளிடம் தெரிவியுங்கள். பயனர் பெயரில் பிள்ளையின் உண்மைப் பெயரோ பள்ளியின் பெயரோ இருக்கக் கூடாது. கட்டுரை எழுத விரும்புவோர் முதலில் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகுவதற்கான சோதனைப் பக்கத்தில், பழகட்டும். பக்க வரலாற்றில் ஒவ்வொரு மாணவரின் திருத்தமும் தனித்தனியே பதிவாவதால், மதிப்பிடுவதும் எளிது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. மெய்ப்புப் பணியையே முதலில் எடுத்துக்கொள்கிறோம். இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் திருத்த மற்றவர் சரிபார்க்குமாறு செய்யப் போகிறேன்.