பிளேட்லெட் கொடுக்கும்போது உதடு மரத்தது யாருக்காவது?

வைகைக்கரை:
ரத்தம் நிறையத் தடவை கொடுத்திருக்கிறேன், பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) இதுதான் முதல் முறை. டெங்கு கேஸ், வாட்ஸ்அப்பில் வந்தது, போனேன். என் பிளேட்லெட் கவுண்ட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்ததால் படுக்க வைத்துவிட்டார்கள். மெஷின் ஓடி அரை மணி நேரம் இருக்கும், மேலுதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி. அப்புறம் மூக்கு நுனி, விரல் நுனி. பக்கவாதமோ என்று வியர்த்துவிட்டது. டெக்னீஷியன் அக்காவே என் முகத்தைப் பார்த்து, "உதடு குறுகுறுங்குதா தம்பி?" என்று கால்சியம் மாத்திரை ஒன்றைச் சப்பக் கொடுத்து, மெஷின் வேகத்தையும் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. இதைப் படுக்க வைக்கும்போதே ஏன் சொல்வதில்லை?

மலைக்கோட்டை மாமா:
அது சிட்ரேட். மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்ப்பது. மெஷின் பிளேட்லெட்டைப் பிரித்து எடுத்துவிட்டு, மிச்ச ரத்தம் உடம்புக்குத் திரும்பும்போது கூடவே வந்து கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் குறுகுறுப்பு. எனக்கு உதடு ஒன்றும் ஆகவில்லை, குளிர்தான் தாங்கவில்லை. இரண்டு கையிலும் ஊசி, மூக்கு அரிக்கிறது, சொரிய வழியில்லை! கடைசியில் நர்ஸம்மாதான் சொரிந்துவிட்டார்.

நெல்லைப் பொண்ணு:
நான் கொடுக்காமலே திரும்பியவள். இரண்டு கையையும் கட்டி, தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்பு சின்னதா இருக்கும்மா, மெஷினுக்குத் தாங்காது" என்றார்கள். வெளியே, பிளேட்லெட் தேவைப்பட்ட பையனின் அம்மா எனக்காக வாங்கிய மாதுளை ஜூஸோடு நின்றார். விஷயத்தைச் சொன்ன பிறகும், "வெயில்ல வந்தியேம்மா, குடிச்சிட்டுப் போ" என்று கையில் திணித்தார். குடித்தேன். இன்னும் தொண்டையில் நிற்கிறது.

கொங்கு அண்ணன்:
முதல் பதிவு போட்ட தம்பிக்கு: டெங்கு என்றாலே பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. ரத்தக்கசிவு இருந்தாலோ, கவுண்ட் பத்தாயிரத்துக்குக் கீழே போனாலோதான் யோசிப்பார்கள். பெரும்பாலும் நீர்ச்சத்தைக் கவனிப்பதுதான் வைத்தியம். வாட்ஸ்அப்பில் பதறிக்கொண்டு கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவையே இருக்காது. உண்மையில் வருஷம் முழுக்கத் தேவைப்படுவது புற்றுநோய் வார்டில், கீமோ எடுக்கும் ரத்தப் புற்று நோயாளிகளுக்கு. பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். அதனால் ரத்த வங்கியில் பெயர் கொடுத்து வையுங்கள், கூப்பிடும்போது போங்கள். 48 மணி நேரம் இடைவெளி விட்டால் மறுபடி கொடுக்கலாம், வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் போட்டிருந்தால் 3 நாள் தள்ளிப் போங்கள். காலையில் பூரி, வடை வேண்டாம், பிளாஸ்மா கலங்கிவிடும், இட்லி போதும். பாத்ரூம் போய்விட்டுப் படுங்கள், நடுவில் எழ முடியாது. நானும் கொடுத்திருக்கிறேன், தூங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

வைகைக்கரை:
அண்ணே, நான் கேட்டது உதட்டைப் பற்றி. அப்புறம், நான் கொடுத்த டெங்கு பையனுக்குக் கவுண்ட் எட்டாயிரம், ஈறிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் கேட்டார்கள்.