அப்டேட்: கிரெசோனே போய்ட்டு வந்தாச்சு

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, இத்தாலி ஆஸ்டா பள்ளத்தாக்குல இருக்கிற கிரெசோனேக்கு கார் இல்லாம போக முடியுமா, ஸ்கீயிங் தெரியாதவனுக்கு அங்க என்ன இருக்குன்னு. ரெண்டுக்கும் பதில் கிடைச்சிருச்சு.

போகலாம். பான் சான் மார்ட்டின்ங்கிற ஊர் வரைக்கும் போய், அங்கருந்து பஸ். நான் பழைய டைம்டேபிள நம்பி ஒரு பஸ்ஸ கோட்டை விட்டுட்டேன், அந்த கேப்ல அங்க இருக்கிற ரோமானியர் காலத்து கல்பாலத்த நிதானமா பாத்தேன், அதுவும் நல்லதுதான்.

என்னை அசத்துனது வால்சர் வீடுங்க. சுவிஸ் வாலே பகுதியிலருந்து பல நூறு வருஷம் முன்னாடி கணவாய் தாண்டி வந்து குடியேறின ஜனம், இத்தாலிக்குள்ளயே இன்னும் சிலர் டிச்னு ஒரு ஜெர்மன் வழக்கு பேசுறாங்க. அவங்களோட மரக்களஞ்சியம் இருக்கே, காளான் மாதிரி கால் வச்சு தரையிலருந்து தூக்கி நிக்குது, ஒவ்வொரு கால் மேலயும் வட்டமா தட்டையா ஒரு கல்லு, எலி ஏறி வந்தா அதுல முட்டி திரும்பிடணும், அவ்ளோதான் டெக்னிக். குனிஞ்சு அடியில பாத்துட்டே நின்னேன், கூட வந்தவன் தலையில அடிச்சுக்கிட்டான்.

இத்தாலி ராணி மார்கெரிட்டாவுக்காக 1899ல ஆரம்பிச்சு 1904ல முடிச்ச சவோய் மாளிகையும் பாத்தோம். சமையல் வாசனை வரக்கூடாதுன்னு அடுப்படிய தனிக் கட்டடத்துல வச்சிருக்காங்க. நம்மால ஆகாதுப்பா, தாளிக்கிற வாசனை இல்லாம என்ன வீடு!

ஒரு நாள் பத்தாது, ரெண்டு நாளாவது வச்சுக்கோங்க.