பல் பிடுங்கும் விறைப்பூசியும் அம்மாவின் பிறசர் குளிசையும்: உதவி தேவை

கோண்டாவில் மகன்:
அம்மாவுக்கு நாளை மறுநாள் கடைவாய்ப் பல் பிடுங்க இருக்கிறார்கள். சென்ற முறை விறைப்பூசி போட்ட சில நிமிடங்களில் தலை இடித்து, பிறசர் சட்டென்று ஏறியதால் பல்லைப் பிடுங்காமலே அனுப்பிவிட்டார்கள். தாடையும் சரியாக விறைக்கவில்லை. அவர் பிறசர் குளிசை எடுப்பவர். இது ஒவ்வாமையா? மறுபடியும் ஊசி போடலாமா? விரைவாகச் சொல்லுங்கள்.

சுன்னாகம் பாமசி:
தம்பி, எந்தக் குளிசை? அம்லோடிபின், லோசாட்டன், அட்டெனோலோல் எல்லாவற்றையும் பிறசர் குளிசை என்றுதான் சொல்கிறோம். கிளினிக் கொப்பியைப் பார்த்து எழுதுங்கள். அந்த நேரத்தில் நாடித்துடிப்பு கூடியதா குறைந்ததா என்பதும் தெரிய வேண்டும்.

பருத்தித்துறை அக்கா:
பல்லடியில் சீழ் இருந்ததா? விறைப்பூசியில் உள்ள மருந்தான லிக்னோகேயின் மின்னேற்றம் இல்லாத வடிவில்தான் நரம்பின் சவ்வைக் கடந்து, வலிச் செய்தி செல்ல உதவும் சோடியம் வாயில்களை உட்புறத்திலிருந்து அடைக்கிறது. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டதால் மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். என் கணிப்பில் எல்லாவற்றுக்கும் காரணம் சீழ்தான்.

நெடுநாள் உறுப்பினர்:
விறைக்காததற்குச் சீழ் காரணமாகலாம், பிறசர் ஏறியதற்கு ஆகாது. இதை முன்பே இங்கு விளக்கியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன். பல் மருத்துவர் வழக்கமாகப் போடும் ஊசியில் 2 சதவீத லிக்னோகேயினுடன், மருந்து ஊசி போட்ட இடத்திலேயே தங்குவதற்காக, 80,000இல் ஒரு பங்கு அட்ரினலினும் இருக்கும். அட்ரினலின் சில இரத்தக்குழாய்களைச் சுருக்கும், தசைகளில் உள்ளவற்றை விரிக்கும். பிறசர் குளிசைகளில் ஒன்றான புரொப்பிரனோலோல் விரிவதை மட்டும் தடுத்துவிடுவதால் சுருக்கம் எதிர்ப்பின்றி நின்று, பிறசர் ஏறி, அதற்கு ஈடாக நாடி குறையும். அட்டெனோலோலில் இது குறைவு. மேலும் லிக்னோகேயினைக் கழிக்கும் கல்லீரலுக்குப் போகும் இரத்தத்தைப் புரொப்பிரனோலோல் குறைப்பதால் அந்த மருந்தும் உடலில் கூடுதல் நேரம் தங்கும். லிக்னோகேயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது.

சாவகச்சேரி வாசகர்:
அப்படியென்றால் குளிசையை இரண்டு நாள் நிறுத்திவிட்டால் போதுமே.

சுன்னாகம் பாமசி:
தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். புரொப்பிரனோலோலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரக்கூடும். அட்ரினலின் இல்லாத ஊசியைக் கேட்பதே முறை.

நெடுநாள் உறுப்பினர்:
வெறும் லிக்னோகேயின் பல்லில் சில நிமிடங்கள்தான் நிற்கும், இரத்தமும் கூடுதலாகப் போகும். மருத்துவர்கள் அளவைக் குறைத்து, ஊசிமுனை இரத்தக்குழாயில் இல்லை என்று இழுத்துப் பார்த்து, மெதுவாகப் போட்டு, இடையில் பிறசர் அளப்பார்கள். பாமசியில் நின்றுகொண்டு ஊசியைத் தெரிவு செய்வது சரியல்ல.

சுன்னாகம் பாமசி:
நான் தெரிவு செய்யவில்லை, மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். இன்னொரு விறைப்பு மருந்தான மெபிவக்கெயின் 3 சதவீதம் அட்ரினலின் இல்லாமலே பல்லுக்குப் போதுமான நேரம் நிற்கும் என்பதை நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள்?

கோண்டாவில் மகன்:
கொப்பியில் புரொப்பிரனோலோல் 40 மில்லிகிராம் என்று இருக்கிறது. நாடி குறைந்ததாகத்தான் தாதி சொன்னார். குளிசையை நிறுத்தவில்லை, கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுகிறோம். எல்லோருக்கும் நன்றி.

சுன்னாகம் பாமசி:
சென்ற முறை நடந்ததையும் ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மா வயிற்றெரிவுக்குச் சிமெட்டிடின் எடுக்கிறாரா? அதுவும் லிக்னோகேயின் கல்லீரலில் கழிவதைத் தாமதப்படுத்தும்.