மண்சரிவுக்குப் பயந்து, மழைமானி பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பிய அனுபவம் யாருக்காவது உண்டா?

ஏற்காட்டுக்காரி:
இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். நடு ராத்திரி, கொட்டுகிற மழையில் சித்தப்பா டார்ச்சோடு வெளியே போய், கம்பத்தில் கட்டியிருந்த மழைமானியைப் பார்த்துவிட்டு வந்து "நூறைத் தாண்டிருச்சு" என்றார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன கணக்கு அங்கே குழந்தைக்குக்கூட மனப்பாடம்: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. என்றால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றால் கிளம்பு. சித்தி அடையாள அட்டை, பிள்ளைகள் சர்டிபிகேட் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கிளம்பலாமா சித்தி?" என்றேன். "கிளம்பினா ஸ்கூல்லதான் போய்த் தங்கணும். மழை விட்டா திரும்ப இந்த லயத்துக்குத்தானே வரணும்" என்றார். எழுந்திருக்கவே இல்லை. விடிய விடிய அந்தப் பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்ப்பேட்டையான்:
அதே பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்திலும் இதே கதைதான். 2014 அக்டோபர் 29, மலை சரிந்தது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியாச்சு, மாறிப் போக இடம்? லயத்தோடு மண்ணுக்குள் போனார்கள். அதே வருஷம் உலக வங்கி இலங்கைக்குப் பருவநிலைத் தாங்குதிறன் திட்டம் என்று 11 கோடி டாலர் கடன் கொடுத்தது. பாலம், சாலையோரச் சரிவு எல்லாம் அதில் உண்டு. வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு கட்ட ஒரு 7 பேர்ச் காணிக்கு (சுமார் 1,900 சதுர அடி நிலம்) தோட்டத்து ஜனம் எத்தனை வருஷமாக அலைகிறது! எச்சரிக்கை மலிவு சார், இடம்தான் காசு.

மலைமேல் மாமா:
நம்ம ஏற்காட்டிலும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்தது, நான் மேலே மாட்டிக்கொண்டேன். அது கிடக்கட்டும். நிலம், கடன் என்று பேசுவதற்கு முன்னால் வீட்டைக் கவனிக்கணும். மலைச்சரிவைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் கசிய ஓட்டை விடணும், இல்லையென்றால் பின்னால் தேங்குகிற தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். மேல்பக்கம் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பணும். குளித்த தண்ணீரைச் சரிவில் விடவே கூடாது. தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இதில் எதைப் பார்த்தாலும் மழைமானியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஓடணும். உங்கள் சித்தப்பாவிடம் அந்தச் சுவரை முதலில் கட்டச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக்காரி:
மாமா, அது லயம்ங்க. கூரைத் தகரம் மாற்றவே துரையிடம், அதாவது தோட்ட மேலாளரிடம், போய் நிற்கணும். தடுப்புச் சுவரை யார் இடத்தில் கட்டச் சொல்கிறீர்கள்?