கயலுக்கு வேண்டிய லேப்டாப் யாரிடம்? (குடும்ப வாட்ஸ்அப் குழுவில்)

கயல்: எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். பி.எட். ஆசிரியர் பயிற்சியில் நான் எடுத்த பாடங்களை இணையத்தில் தொகுத்துக் காட்டும் ஈ-போர்ட்ஃபோலியோ லிங்கைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். போனில் செய்து கண் எரிகிறது. அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் யாரிடம் இருக்கிறது?

அம்மா: மணியிடம்.

மணி மாமா: என்னிடமா?

அம்மா: தீபாவளிக்குக் கடைக் கணக்கு பார்க்கணும் என்று தூக்கிக்கொண்டு போனாயே தம்பி.

மணி மாமா: எந்தத் தீபாவளி?

ராஜி சித்தி: 😂😂

பெரியப்பா: கயல், போர்ட்ஃபோலியோ என்று பயப்படாதே. நாங்கள் படித்தபோது பி.எட். ஒரே வருடம். ரெக்கார்டு நோட்டு மட்டும் ஒரு சாக்கு. அட்டை போட்டு, ஓரத்தில் பூ வரைந்து, வெளித்தேர்வாளர் இரண்டு பக்கம் புரட்டிக் கையெழுத்துப் போடுவார். மைக்ரோ டீச்சிங் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1963-இல் அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டில். சின்ன வகுப்பு எடுக்க வைத்து, அதை வீடியோவில் பதிந்து, எடுத்தவரிடமே காட்டி, மறுபடி எடுக்கச் சொன்னார்கள். நம் பக்கம் வரும்போது கேமராவை விட்டுவிட்டு ரெக்கார்டு நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டோம். இப்போது உன் கையில் கேமரா இருக்கிறது. அப்புறம், 2015-இலிருந்து பி.எட். இரண்டு வருடம் ஆனதே, இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளிக்கூடத்திலேயே கிடக்கிறீர்கள். எழுதச் சரக்குக்கா பஞ்சம்?

மணி மாமா: அத்தான், சுருக்கமாக.

பெரியப்பா: லேப்டாப்பைக் கொடு, சுருக்கிவிடுகிறேன்.

ராஜி சித்தி: காதுகுத்துக்கு எத்தனை இலை என்று சமையல்காரர் கேட்கிறார். யாராவது ஒரு எண் சொல்லுங்கள்.

கயல்: அத்தை, இதுதான் என் சைட் லிங்க். பாருங்களேன்.

சாந்தி அத்தை: திறக்கவில்லை. அனுமதி கேட்கச் சொல்கிறது.

பிரவீன்: ஷேரிங்கை மாற்றவில்லை. தேர்வாளருக்கும் இப்படித்தான் வரும். மாற்றிவிட்டு, உன் கணக்கில் நுழையாத இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒருமுறை திறந்து பார், உனக்குத் திறந்தால்தான் அவருக்கும் திறக்கும். டிரைவில் வைத்த வீடியோ ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார். காலேஜ் மெயிலிலா செய்தாய்?

கயல்: ஆமாம்.

பிரவீன்: போச்சு. படிப்பு முடிந்து கணக்கை மூடினால் சைட்டும் சேர்ந்து போகும். வேலைக்குப் போகிற இடத்தில் காட்ட வேண்டாமா? சொந்த ஜிமெயிலுக்கு மாற்று.

கயல்: அதில் 15 ஜிபியும் நிறைந்துவிட்டது.

பிரவீன்: பெரியப்பாவின் காலை வணக்கம் வீடியோக்களா?

பெரியப்பா: அவை நல்ல கருத்துகள்.

சாந்தி அத்தை: திறந்துவிட்டது. கயல், கோபப்படாதே. முதல் பக்கத்தில் ரோஜாப்பூ, அப்புறம் சான்றிதழ், அப்புறம் நூறு போட்டோ. இது போர்ட்ஃபோலியோ இல்லை, கல்யாண ஆல்பம். ‘வகுப்பு மிகவும் சிறப்பாக நடைபெற்றது, மாணவர்கள் ஆர்வமுடன் கவனித்தனர்’ என்று எல்லாப் பாடத்துக்கும் அடியில் இருக்கிறதே, யார் எழுதியது?

கயல்: சீனியர் அக்காவுடையது.

சாந்தி அத்தை: அவளுக்கும் ஒரு சீனியர் இருந்திருப்பாள். ஏழாம் வகுப்பில் முழுக்கள் எடுத்தபோது ஒரு பையன் ஏதோ கேட்டான் என்று போனில் சொன்னாயே?

கயல்: 3-லிருந்து மைனஸ் 5-ஐக் கழித்தால் 8 என்று போட்டேன். ‘கழித்தால் எப்படி டீச்சர் கூடும்?’ என்றான். விதி அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன். பிறகு இன்னொருவன் எழுந்து, ‘டேய், 5 ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தால் உன் கையில் கூடத்தானே செய்யும்’ என்றான். மறுநாள் போர்டில் கடன், வரவு என்று போட்டு ஆரம்பித்தேன்.

சாந்தி அத்தை: இதை எழுது. முதல் நாள் பாடத்திட்டம், அந்தக் கேள்வி, மறுநாள் திருத்திய பாடத்திட்டம், பையன்கள் நோட்டில் போட்ட கணக்கு ஒரு படம். போதும். நூறு போட்டோவில் எட்டு வைத்துக்கொள். பிள்ளைகள் முகம் தெரியும் எதையும் எடுத்துவிடு, நோட்டில் பெயர் இருந்தால் மறைத்துவிடு. 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குள் எல்லோரும் குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வேண்டும். வீடியோவில் உன் பக்கமும் போர்டும் தெரிந்தால் போதும்.

அம்மா: அந்தப் பிள்ளைகள் கைதூக்கும் போட்டோவை நான் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேனே.

கயல்: அம்மா!!!

அம்மா: 64 பேர் பார்த்துவிட்டார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள்.

பெரியப்பா: சாந்தி சொல்வது சரி. ஆனால் தேர்வாளருக்குக் கையில் ஒரு நோட்டும் கொடு. பிரின்ட் எடுத்துப் பைண்ட் பண்ணிவிடு.

சாந்தி அத்தை: அண்ணே, பைண்ட் பண்ணினால் வீடியோ எப்படி ஓடும்?

பெரியப்பா: அதற்குத்தான் க்யூஆர் கோடு. 2018 பள்ளிப் புத்தகத்திலேயே அச்சடித்தார்களே, மறந்துவிட்டாயா?

பிரவீன்: பெரியப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது.

மணி மாமா: லேப்டாப் கிடைத்துவிட்டது. பரணில் இருந்தது. பாஸ்வேர்டு என்ன?

அம்மா: நீதானே மாற்றினாய்?

மணி மாமா: சார்ஜரும் இல்லை.

சாந்தி அத்தை: கயல், நாளைக்கு என் வீட்டுக்கு வா, என் லேப்டாப்பில் முடிப்போம்.

பெரியப்பா: நானும் வருகிறேன்.

சாந்தி அத்தை: நாளைக்கு வேண்டாம், ஞாயிறு பார்ப்போம்.

கயல்: அத்தை, ஞாயிறுதானே காதுகுத்து??

ராஜி சித்தி: அப்பாடா, ஒருத்திக்காவது ஞாபகம் இருக்கிறது. இலை எத்தனை?