உகாண்டா ப்விண்டி: ஏப்ரல் கடைசியில் மலைக் கொரில்லா பார்க்க 4 பேர் – ஏஜென்ட் திட்டம் சரியா?

பொதிகைத்தென்றல் கேட்டது:

வணக்கம். நான், மனைவி, மகள் (14 வயது, ஆகஸ்டில் 15 முடியும்), அப்பா (63, வலது முழங்காலில் தேய்மானம், சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார்). கோடை விடுமுறையில் ப்விண்டி தேசியப் பூங்கா போக எண்ணம். ஏஜென்ட் கொடுத்த திட்டம்: என்டெபெயில் இறங்கி மறுநாள் முழுக்கக் காரில் ப்விண்டி, இரண்டு இரவு புஹோமாவில் தங்கல், கொரில்லா பார்க்கும் பெர்மிட் மட்டும் ருஷாகாவில். புஹோமா பெர்மிட் தீர்ந்துவிட்டது, இரண்டும் ஒரே காடுதான் என்கிறார். முன்பணம் இன்னும் கட்டவில்லை. ஏப்ரலில் மழை தொந்தரவு எவ்வளவு? அப்பாவால் முடியுமா? என்னென்ன ஊசி போட வேண்டும்?

காட்டுப்பாதை:

நல்லவேளை, பணம் கட்டவில்லை. காடு ஒன்றுதான், ஆனால் புஹோமா வடக்கு ஓரம், ருஷாகா தெற்கு ஓரம். நடுவே மலை. சாலைவழி மூன்று நான்கு மணி நேரம் ஆகும், மழையில் மண்சாலை சறுக்கினால் இன்னும் கூடும். காலை ஏழரை, எட்டு மணிக்கு ருஷாகா அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு நிற்க வேண்டும். புஹோமாவில் தூங்கினால் விடியற்காலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டியிருக்கும். தாமதமாகப் போனால் குழு கிளம்பிவிடும், பெர்மிட் அன்றோடு போச்சு.

ப்விண்டியில் நான்கு செக்டர்கள்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ. பெர்மிட் தேதிக்கும் செக்டருக்கும் கட்டுப்பட்டது. எந்தக் கொரில்லாக் குடும்பம் என்பது மட்டும் அன்று காலையில்தான் தெரியும். அதனால் முதலில் பெர்மிட், பிறகு அதே செக்டரில் தங்குமிடம், கடைசியாக விமான டிக்கெட். பலர் தலைகீழாகச் செய்துவிட்டுத் தவிக்கிறார்கள்.

கட்டணம் 2024 ஜூலை முதல் வெளிநாட்டவர் ஒருவருக்கு 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 8 பார்வையாளர்கள், ஒரு மணி நேரம், அவ்வளவே. உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் பெர்மிட் நகல் உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். "பிளாக் பண்ணி வெச்சிருக்கோம்" என்பதெல்லாம் பெர்மிட் ஆகாது.

அடுத்து மகள். குறைந்தபட்ச வயது 15. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி பார்ப்பார்கள். ஆள் உயரமாக இருந்தாலும் கதை நடக்காது, கட்டிய பணமும் வராது. ஏப்ரலில் போனால் அவளைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு ஒருவர் காவல் இருக்க வேண்டும். அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் 15 ஆகியிருக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் குறைவு. கிறிஸ்துமஸ் நேரம் என்பதால் பெர்மிட்டை ஐந்தாறு மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஏப்ரல், மே பெருமழைக்காலம். கொரில்லா மழையிலும் அங்கேதான் இருக்கும், பெர்மிட்டும் சுலபமாகக் கிடைக்கும், தங்குமிடம் மலிவு. ஆனால் சரிவில் செம்மண் சேறு. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஏற்றத்தைவிட அந்த இறக்கம்தான் ஆபத்து.

மருந்துப்பெட்டி:

மகள் விஷயம் மேலே சொல்லிட்டாங்க. நான் அப்பா பத்தி சொல்றேன்.

உகாண்டாவுக்குள்ள நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம். திரும்பி வரும்போது நம்ம ஊர் விமான நிலையத்துலயும் கேப்பாங்க. இல்லேன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்த சட்டம் இருக்கு. ஒரே ஊசி, போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. குறிப்பிட்ட நாள்லதான் போடுவாங்க, கேட்டுட்டுப் போங்க.

கவனிக்க வேண்டியது: இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செஞ்சு தயாரிக்கிற ஊசி. 60 வயசுக்கு மேல முதல் தடவை போடுறவங்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அரிதா வரும், ஆனா இளையவங்களைவிட வாய்ப்பு அதிகம். அப்பா ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மருந்து ஏதாவது எடுக்கிறாரா, முட்டை ஒவ்வாமை இருக்கான்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு முடிவு பண்ணுங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே இதை முடிச்சுக்குங்க.

மலேரியா: காடு உயரத்துல இருக்கிறதால அங்க கொசு குறைவு, ஆனா என்டெபெயிலயும் வழியிலயும் இருக்கு. தடுப்பு மாத்திரை அடோவாகுவோன்-புரோகுவானில்னா போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி தொடங்கி, திரும்பின பிறகு 7 நாள். டாக்ஸிசைக்ளின்னா திரும்பின பிறகு 4 வாரம். பாதியில நிறுத்துறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு.

சளி, இருமல், காய்ச்சல், வயித்துப்போக்கு இருந்தா உள்ள விட மாட்டாங்க. இது சும்மா கெடுபிடி இல்ல. 2009-ல ருவாண்டாவுல ஹிர்வா-ங்கிற கொரில்லாக் குழுவுக்கு மனுஷங்ககிட்ட இருந்து வர்ற மெட்டாநிமோ வைரஸ் (சளி, மூச்சுத்தொற்று தர்றது) தொத்தி ரெண்டு கொரில்லா செத்துப் போச்சு. 2018-ல வெளியான கணக்குப்படி விருங்கா மலைத்தொடரையும் ப்விண்டியையும் சேர்த்தே உலகத்துல ஆயிரத்துச் சொச்சம் மலைக் கொரில்லாதான். அதனாலதான் முகக்கவசம், 10 மீட்டர் இடைவெளி. கொரில்லாக் குட்டி தானா கிட்ட வந்தாலும் நீங்கதான் பின்னால நகரணும்.

இலைநிழல்:

அன்றைய நாள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பாதிக் கவலை தீரும்.

விடியும்போதே தடம் பார்ப்பவர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். கொரில்லா தினமும் புதிதாகப் படுக்கை கட்டும். முந்தைய இரவுப் படுக்கையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மிதிபட்ட செடி, மென்று துப்பிய தண்டு, சாணம் பார்த்துப் பின்தொடர்ந்து, வழிகாட்டிக்கு வாக்கிடாக்கியில் இடம் சொல்வார்கள். அதனால் பார்ப்பது ஏறக்குறைய உறுதி, நடை தூரம் மட்டும் உறுதியில்லை. அரை மணியிலும் முடியும், ஒரு பக்கம் நான்கு மணி நேரமும் ஆகும். பக்கத்தில் படுத்த குடும்பம் விடிந்ததும் பள்ளத்தாக்கின் மறுபக்கம் போய்விட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒதுக்கப் பார்ப்பார்கள். ன்குரிங்கோ வேண்டவே வேண்டாம்: முதலில் செங்குத்தாக இறங்கி, திரும்பும்போது களைப்போடு அத்தனையும் ஏற வேண்டும். புஹோமா ஓரளவு இதமானது. ஆளுக்கு ஒரு போர்ட்டர் எடுங்கள், சுமார் 20 டாலர். பை தூக்க மட்டும் என்று நினைத்து மிச்சம் பிடிப்பவர்கள்தான் சரிவில் கை நீட்ட ஆளில்லாமல் உட்கார்கிறார்கள். நடக்கவே முடியாதென்றால் பல்லக்கு போல் நாற்காலியில் வைத்து ஆள் மாற்றி ஆள் தூக்கிப் போவார்கள், சில நூறு டாலர் ஆகும். முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

உடைக்கு ஜீன்ஸ் கூடாது, நனைந்தால் கனத்து உராயும். சீக்கிரம் உலரும் முழுநீள பேண்ட், முழுக்கை, ஆழமான பல் உள்ள பூட்ஸ். நம் மலைக்காட்டில் அட்டைக்குச் செய்வதுபோல் பேண்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். இங்கே காரணம் சஃபாரி எறும்பு. வரிசையைக் கவனிக்காமல் மிதித்து நின்றால் முழங்கால் வரை ஏறிய பிறகுதான் கடிக்கவே தொடங்கும். தோட்ட வேலைக்கான தடித்த கையுறை அவசியம்: வழுக்கும்போது கை தானாகப் பிடிப்பது பெரும்பாலும் காஞ்சொறியைத்தான்.

கொரில்லாவை நெருங்கியதும் தடி, பை, சாப்பாடு எல்லாம் போர்ட்டரிடம் விட்டுவிட்டுக் கேமரா மட்டும். ஃபிளாஷ் தடை, செல்போனின் தானியங்கி ஃபிளாஷையும் கேமராவின் ஃபோகஸ் விளக்கையும் காலையிலேயே அணைத்து விடுங்கள். 70-200 லென்ஸ் தாராளம், 400 எல்லாம் வீண் சுமை. கூரைபோல் இலை மூடியிருப்பதால் ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை போக வேண்டிவரும். கறுப்பு ரோமத்தைப் பார்த்துக் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாந்து படத்தை வெளுப்பாக்கும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில் இருக்கட்டும், இல்லையென்றால் முகத்துக்கு முன்னால் உள்ள இலைதான் பளிச்சென்று வரும்.

சில்வர்பேக் (முதுகு வெள்ளிநிறமான முதிர்ந்த ஆண் கொரில்லா) பாய்வதுபோல் வந்தால் ஓடாதீர்கள். குனிந்து, பார்வையைத் தாழ்த்தி, வழிகாட்டி சொல்வதைச் செய்யுங்கள். பெரும்பாலும் மிரட்டல்தான், சில அடி தள்ளி நின்றுவிடும். ஓடினால்தான் துரத்தும்.

பொதிகைத்தென்றல்:

மிக்க நன்றி. டிசம்பருக்கே மாற்றிவிடுகிறோம். புஹோமா பெர்மிட் அப்போதும் கிடைக்காமல் ருஷாகாதான் அமைந்தால்? இன்னொருவர் ருவாண்டாவுக்கே போ, நடை குறைவு என்கிறார்.

காட்டுப்பாதை:

ருவாண்டாவில் பெர்மிட் 1,500 டாலர். நான்கு பேருக்கு 2,800 டாலர் கூடுதல். தலைநகர் கிகாலியிலிருந்து சாலை நன்றாக இருக்கும், நடையும் பொதுவாகக் குறைவு. ஆனால் அது எரிமலைச் சரிவு, மூங்கில் காடு. மழைக்காடு பார்க்க ஆசையென்றால் ப்விண்டிதான். காங்கோ விருங்கா மலிவு என்று யாராவது சொன்னால், சண்டை நடக்கும் இடம், குடும்பத்தோடு நினைக்கவே வேண்டாம்.

ருஷாகா அமைந்தால் என்டெபெ வேண்டாம், கிகாலியில் இறங்குங்கள். என்டெபெயிலிருந்து ஒன்பது பத்து மணி நேரம். கிகாலியிலிருந்து சியானிகா எல்லை வழியாக, உகாண்டாப் பக்கம் உள்ள கிசோரோ ஊர் போய்ச் சேர்ந்தால் ஏறக்குறைய அதில் பாதி. அப்பாவின் முழங்காலுக்கு அதுவே பெரிய மிச்சம். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இரண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனால் முதலில் நுழையும் நாட்டிடமிருந்தே வாங்க வேண்டும். ருவாண்டாவில் வண்டி வலப்பக்கம், உகாண்டாவில் நம்மைப்போல் இடப்பக்கம். சொந்தமாக ஓட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள்.

டாலர் நோட்டு 2006-க்கு முந்தையது என்றால் உகாண்டாவில் வாங்க மாட்டார்கள். கிழிசல், கறை இருந்தாலும் அதே கதை. போர்ட்டருக்கு, டிப்ஸுக்கு உகாண்டா ஷில்லிங்காக மாற்றி வைத்துக்கொள்வது அவர்களுக்கும் வசதி.

மறுநாள் நேரமிருந்தால் பாட்வா மக்களோடு காட்டு நடை என்று விற்பார்கள். 1991-இல் பூங்கா அறிவிக்கப்பட்டபோது அந்தக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். கட்டணத்தில் எவ்வளவு அவர்கள் கைக்குப் போகிறது என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். புளியோதரைப் பொடி, மாத்திரை எல்லாம் டப்பாவிலோ துணிப்பையிலோ இருக்கட்டும்.