ஆட்ப்ளூ மாற்றியும் பி207எஃப் கோடு போகவில்லை – உதவி தேவை

வண்டி வேலை தெரிந்த அண்ணாச்சிமாரே, பெரிய சிக்கலில் நிற்கிறேன். 2021 மாடல் பிஎஸ்6 டீசல் பிக்கப். களக்காட்டிலிருந்து திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லோடு. போன மாதம் வள்ளியூர் பக்கம் ஒரு கடையில் ஆட்ப்ளூ (புகையில் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியா கரைசல்) வாங்கி ஊற்றினோம். கேன் வெளியே வெயிலில்தான் கிடந்தது. மறுநாளே செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனரில் பி207எஃப் (ஆட்ப்ளூ தரம் சரியில்லை என்ற கோடு). கொஞ்ச நாளில் பி20இஇ-யும் (புகையில் நச்சு போதுமான அளவு குறையவில்லை என்ற கோடு) சேர்ந்துகொண்டது.

ஆட்ப்ளூ டேங்கை முழுசாக இறக்கிக் கழுவி, சீல் உடைக்காத புது கேன் ஊற்றியாச்சு. ரிஃப்ராக்டோமீட்டரில் யூரியா சரியாக 32.5 சதவீதம் காட்டுகிறது. (அது யூரியா அளவை மட்டும்தான் சொல்லும், முதலில் ஊற்றியதில் உப்புத்தண்ணி கலந்திருந்ததா என்பது தெரியாது.) வயரிங், ஃபியூஸ் சரி. ஆட்ப்ளூ தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றினால் நுனியில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. வெந்நீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்தோம். ஸ்கேனரில் கோடு அழித்தால் ஊருக்குள் வருவதில்லை. லோடோடு நாலுவழிச்சாலையில் ஏறி நாங்குநேரி தாண்டினால் திரும்ப வந்து, பவர் குறைந்துவிடுகிறது. வாழைத்தார் வண்டியிலேயே பழுக்கிறது.

சர்வீஸ் சென்டரில் நாக்ஸ் சென்சாரை (புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) மாற்றச் சொல்கிறார்கள். விலை அதிகம், சோதித்தும் காட்டவில்லை.

கெட்டது சென்சாரா, இன்ஜெக்டரா என்று மாற்றுவதற்கு முன்னாலேயே உறுதியாகக் கண்டுபிடிக்க என்ன டெஸ்ட் செய்யணும்?